கறுக்கும் என்று அணைத்த விளக்கு

முதலில் நாக்கைத்தான் கவனித்தேன்.

பச்சோந்தியின் நாக்கு அதன் உடம்பைவிட நீளமானது. கிளையில் அசையாமல் இருந்தபடியே தூரத்தில் நிற்கும் சில்வண்டை அடித்து வாய்க்குள் இழுத்துவிடும். எங்கள் வீட்டுப் பச்சோந்தி அன்று காலை வாயைத் திறந்தது, இரண்டு கண்களையும் முன்னுக்குக் கொண்டுவந்து குறி பார்த்தது, நாக்கை வீசியது. நாக்கு பாதி வழியில் தொங்கிப்போனது. சில்வண்டு நகரக்கூட இல்லை. பச்சோந்தி வாயை மூடிக்கொண்டு ஒரு கண்ணைக் கூரைக்கும் மற்றக் கண்ணை எனக்கும் திருப்பியது, ஒன்றுமே நடக்காததுபோல.

அடுத்த வீச்சும் அப்படியே. கூண்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முன்னங்கால், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் வளைந்திருந்தது, அந்த இடத்தில் இன்னொரு முழங்கை முளைத்தாற்போல. வயிற்றைத் தூக்கி நடக்க வேண்டிய பிராணி வயிற்றைக் கிளையில் தேய்த்துக்கொண்டு போனது. ஒரு பின்னங்கால் கிளையைப் பிடிக்காமல் தன் முன்னங்காலையே பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு தரம் பிடி வழுகி, வாலால் மட்டும் தொங்கியது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இது எலும்பு நோய். வளரும் பச்சோந்திக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டி வைட்டமின் வேண்டும். டி வைட்டமினை உடம்பு தானே செய்துகொள்ள வெயில் வேண்டும், அல்லது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் உடம்பு தன் எலும்பையே தின்னத் தொடங்கும். எலும்பு றப்பர் மாதிரி ஆகும். தாடை மெதுக்கும். நாக்கை எறியும் எலும்பும் அதோடு போய்விடும். இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னமே கரைத்துக் குடித்திருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. எனக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வரும். கவலை பிறகு ஆறுதலாக நடந்து வரும்.

ஏனென்றால் நான் எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். டோர்ட்மண்டில் மாடிக்குடியிருப்பு ஒன்றில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் எனக்கு அறை என்று இருப்பது ஒரு கட்டிலும் ஒரு மேசையும் கொள்ளும் பெட்டி. ஆகவே வலைக்கூண்டு வரவேற்பறையில், சாமிப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் நின்றது. மேலே நீளக் குழாய் விளக்கு, பக்கத்தில் சூட்டு விளக்கு, இரண்டுக்கும் ஒரே மின்பலகை, அதில் நேரம் பார்த்துத் தானே எரிந்து தானே அணையும் சுவிட்ச். சில்வண்டுகளுக்கு முதலில் கீரையும் கரட்டும் தின்னக் கொடுத்து, பிறகு சுண்ணாம்புச் சத்துத் தூளில் பிரட்டிப் போடுவேன். விளக்குக்கும் கிளைக்கும் இடையில் கண்ணாடி இல்லை, கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதற்காகவே வலைக்கூண்டு வாங்கினேன். இவ்வளவும் செய்த ஆளிடம் வந்து எலும்பு வளைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அப்பா பகிடி விட்டார். "ஓணானுக்கு வாதம் வந்திட்டுது போல."

"இது ஓணான் இல்லையப்பா. பச்சோந்தி."

"ஓம் ஓம். பாஸ்போட் மாத்தின ஓணான்."

அம்மா சிரிக்கவில்லை. அதிகாலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்தவர், மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் ஊன்றி எழும்பினார். அவர் எப்போதும் அப்படித்தான் எழும்புவார். நாரி நோகுது, கால் உளையுது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் காலநிலை அறிவிப்பு மாதிரி. கேட்போம், குடை எடுக்க மாட்டோம்.

"பாவமடி, சின்னப் பிள்ளை. டொக்டரிட்டக் கொண்டு போ," என்றார்.

முதலில் போனது எங்கள் பகுதியில் இருந்த மிருக வைத்தியரிடம். நாய்களும் பூனைகளும் வரும் இடம். அவர் பச்சோந்தியின் இடுப்பைப் பிடித்துக் கிளையிலிருந்து இழுத்தார். கால்கள் விடாமல் பிடித்திருந்தன. நான் கத்திவிட்டேன்.

"இழுக்காதீர்கள்! எலும்பு முறியும்! அது தானாகக் கையில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்!"

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். "இணையத்தில் நிறைய வாசிக்கிறீர்கள் போல," என்றார். வளரும் வயதில் கால் கொஞ்சம் வளையும், ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம், என்றார். ஒரு மாதம்! அந்த உடம்பில் ஒரு மாதத்தில் தாடை முழுக்கக் கரைந்துவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கதவை அடித்துச் சாத்தலாம் என்று பார்த்தால் அது தானாக ஆறுதலாக மூடும் கதவு. அதுவும் ஒரு எரிச்சல்.

ஊர்வன பார்க்கும் வைத்தியர் பக்கத்து நகரத்தில் இருந்தார். டெர்மின், அதாவது பார்ப்பதற்கு நாள், கேட்டால் வாரக்கணக்கில் தள்ளிச் சொன்னார்கள். தொலைபேசியில் நாக்கு, முன்னங்கால், வால் என்று ஒன்றும் விடாமல் வர்ணித்தேன். எதிர்முனையில் இருந்த பெண் "இன்றைக்கே கொண்டு வாருங்கள்" என்றார்.

வைத்தியர் நரைத்த முடியைக் கொண்டை போட்ட பெண். ஒரு குச்சியை நீட்டி, பச்சோந்தி அதில் தானாக ஏறும்வரை பேசாமல் நின்றார். தாடையை ஒரு விரல் நுனியால் தொட்டார். பிறகு எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டார். எலும்புகள் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இதில் எலும்பும் சதையும் ஒரே சாம்பல் நிறம். வளைந்த இடத்தில் சின்னதாக ஒரு முறிவு, அது தன்பாட்டில் கோணலாக ஒட்டத் தொடங்கியிருந்தது.

அவர் கேட்கத் தொடங்கினார். என்ன விளக்கு? எப்போது வாங்கியது? கிளைக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம்? நடுவில் கண்ணாடி, பிளாஸ்டிக் ஏதும்? என்ன தூள்? அதில் டி வைட்டமின் கலந்ததா, கலக்காததா? சில்வண்டுக்கு என்ன தீன்? ஒவ்வொன்றுக்கும் நான் தயாராக இருந்தேன். வாய்ச்சோதனையில் பேராசிரியருக்கு விடை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனேன். கூண்டின் படத்தையும் காட்டினேன்.

"எல்லாம் சரி," என்றார். "நல்ல விளக்கு. ஆனால் இந்த எலும்பு வெளிச்சம் கண்ட எலும்பு இல்லை."

"விளக்கு பழுதா?"

"இருக்கலாம். அளந்து பார்க்கலாம். அதற்கு முதல் ஒரு கேள்வி. அது பகல் முழுக்க எரிகிறதா?"

"தானியங்கிச் சுவிட்ச் போட்டிருக்கிறேன்."

"அது தெரியும். நடுப்பகலில் கூண்டுக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நடுப்பகலில் நான் விரிவுரையில் இருப்பேன். வார இறுதியில் வீட்டில் நிற்கும்போது விளக்கு ஒழுங்காகத்தானே எரிகிறது? என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாரா? சுண்ணாம்புச் சத்து மருந்தும் ஊசியில்லாத சிரிஞ்சும் தந்தார். கிளைகளைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் கட்டச் சொன்னார், விழுந்தால் முறியாமல் இருக்கக் கீழே மெத்தென்று துணி விரிக்கச் சொன்னார், தேவையில்லாமல் தொட வேண்டாம் என்றார். வளைந்தது நிமிராது, ஆனால் எலும்பு இறுகும், பிழைக்கலாம் என்றார். "வெளிச்சம் கிடைத்தால்," என்று கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தார். ரயிலில் வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். குற்றவாளிப் பட்டியலில் அப்போது இருந்தவர்கள் இரண்டு பேர்: தயிர்ச் சாடி மாதிரிச் சின்னப் பிளாஸ்டிக் குவளையில் போட்டு இந்தக் குஞ்சை ஊர்வனக் கண்காட்சியில் விற்ற ஆள், விளக்குச் செய்த கொம்பனி.

வீட்டுக்கு வந்து கிளைகளைத் தாழ்த்திக் கட்டினேன். துணி விரித்தேன். விளக்குகளைப் போட்டேன். பெட்டிக்குள் குளிர்ந்துபோயிருந்த பச்சோந்தி மெதுவாகச் சூட்டுக்குக் கிட்ட நகர்ந்து, பக்கத்தை விளக்குக்குக் காட்டி, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டது. பச்சை மங்கி மண்ணிறம் ஆனது, பிறகு கறுப்புக்குக் கிட்டப் போனது. எனக்குச் சந்தோசம். கறுப்புச் சட்டை வெயிலில் சுடுவதுபோல, குளிர்ந்த பச்சோந்தி சூட்டைப் பிடிக்கத் தன்னைக் கறுப்பாக்கிக்கொள்ளும். அப்படியென்றால் அதற்கு இன்னும் உயிர்மேல் ஆசை இருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அம்மாவின் கை. மின்பலகையின் சிவப்புப் பொத்தானை அமத்தியது. இரண்டு விளக்கும் அணைந்தன.

"என்னம்மா செய்யிறியள்?"

"கண் தெரியேல்லையே உனக்கு? கறுக்குது பார். பாவம், எரியுது அதுக்கு."

அவர் அதை மறைத்துச் செய்யவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் நிறுத்துவதுபோல, இயல்பாக.

என் குரல் எனக்கே மெல்லியதாகக் கேட்டது. "அம்மா. முந்தியும் நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம். நீ போனாப் பிறகு நான் வேலையால வந்து பாக்கிறனான். ஒவ்வொரு நாளும் காலமை கரிக்கட்டி மாதிரி நிக்கும். நிப்பாட்டின உடன என்ன வடிவா வெளிக்கும் தெரியுமோ? நித்திரையும் கொள்ளும்."

"அது ராவாப் போச்செண்டு நினைச்சு வெளிக்குதம்மா!"

"பின்னேரம் திருப்பிப் போட்டு விடுவன். நீ வந்து கத்துவாய் எண்டு."

கத்தினேன். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கேட்கக் கத்தினேன். ஓர் உயிரைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள் என்றேன். அதற்கு வெளிச்சம்தான் மருந்து, அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்றேன். எக்ஸ்ரே படத்தைத் தொலைபேசியில் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கூட்டவும் துணிவில்லாமல் கையில் றிமோட்டோடு இருந்தார்.

"எனக்கென்ன தெரியும்," என்றார் அம்மா. "வெயிலில கறுத்தாப் பிள்ளையைத் தூக்கி நிழலில விடுறதுதானே."

அந்த வசனம். அதைக் கேட்டதும் என் கோபம் பச்சோந்தியை விட்டுப் பாய்ந்து வேறு எங்கோ போனது. அந்தப் பிள்ளை நான்தான். கோடை விடுமுறையில் முற்றத்தில் ஜெர்மன் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயோடு ஓடி விளையாட, "உள்ள வா, கறுத்துப் போவாய்" என்று பல்கனியிலிருந்து கூப்பிடப்பட்ட பிள்ளை. நீச்சல் குளத்துக்கு வகுப்போடு போய் வந்த அன்று, பயித்தமாவும் தயிரும் பூசிக் குளியலறையில் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளை. தேர்த் திருவிழாவில் எங்கள் பெண்கள் எல்லோரும் பட்டுச் சேலையோடு மர நிழல் தேடி ஒதுங்குவார்கள், தேர் வெயிலில் போகும். ஒவ்வொரு கலியாண வீட்டிலும் யாரோ ஓர் அன்ரி என் நாடியைப் பிடித்துத் திருப்பி, "பிள்ளை முந்தி நல்ல வெள்ளையெல்லே?" என்பார். ஜெர்மனியில் எட்டு மாதம் வெயிலே இல்லை. மிச்ச நாலு மாதமும் நாங்கள் அதற்கு ஒளித்துத் திரிகிறோம். இதை மனிதர்களுக்குச் செய்வது போதாதென்று, நிறம் மாறுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு பிராணிக்கும் செய்திருக்கிறோம். நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்தால் கோபம் குறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அம்மாவோடு நான் தேவைக்கு மட்டும் பேசினேன். ஆனால் விளக்கு அணையவில்லை. அதை அவர் காவல் காத்தார். மின்பலகையின் பொத்தானுக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டினது அவர்தான். நான் விரிவுரையில் இருக்கும்போது படம் அனுப்புவார், ஒரு சொல்லும் இல்லாமல்: எரியும் விளக்கு, அதன் கீழ் கறுத்த பச்சோந்தி. மருந்து கொடுப்பதும் அவர் கைக்குத்தான் வாய்த்தது. நான் கிட்டப் போனால் பச்சோந்தி சீறும், சிரிஞ்சைக் கண்டால் வாயை இறுக்கி மூடும். அம்மா ஒரு துளியை அதன் உதட்டோரம் வைத்துவிட்டு, "குடியடா ராசா, உன்ர அக்காவுக்குப் பயப்பிடாதை," என்பார். நக்கிக் குடிக்கும். நாக்கு எட்டாததால் சில்வண்டை இடுக்கியால் பிடித்து வாய்க்கு நேரே நீட்ட வேண்டும். அதையும் பழகிக்கொண்டார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. மரக்கறி தவிர வேறெதையும் வெள்ளிக்கிழமை தொடாத மனிசி, வெள்ளிக்கிழமையும் அந்த இடுக்கியைத் தொட்டார்.

இரண்டாம் முறை ஊர்வன வைத்தியரிடம் போனபோது, தானும் வருகிறேன் என்று வெளிக்கிட்டார். ரயில் நிலையப் படிகளில் அவர் பக்கவாட்டாக, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பெட்டியோடு கீழே நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியத் தொடங்கியிருந்தது. வைத்தியர் அதைப் பேனா நுனியால் தொடர்ந்து காட்டினார். இனியும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: ஏறக் கஷ்டப்படுகிறதா, எழும்பும்போது கையால் இழுத்து எழும்புகிறதா, நடை ஆடுகிறதா, எலும்பைத் தொட்டால் நோகிறதா, ஒன்றும் செய்யாமல் களைத்துப் போகிறதா.

அம்மா பெட்டியை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அப்ப என்னையும் இவாட்டக் காட்டு," என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். வைத்தியர், என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன், பகிடி என்று சேர்த்தே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார், படி இறங்கிய களை இன்னும் முகத்தில் இருந்தது.

"எவ்வளவு காலமாக?"

"அவள் பள்ளிக்கூடம் தொடங்கின காலத்தில இருந்து," என்று அம்மா என்னைக் காட்டினார்.

"வேலை?"

"துப்புரவு வேலை. விடியமுன்னம் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா."

"பகலில்?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பன்."

"நான் மிருக வைத்தியர்," என்றார் அந்தப் பெண். "மனிதர்களுக்கு ஒன்றும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் வைத்தியரிடம் போய் டி வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் திரும்பக் கேளுங்கள்."

வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் எங்கள் குடும்ப வைத்தியரிடம் அம்மாவோடு போய் மொழிபெயர்த்தவள் நான். மேசைக்கு மேலே தலை மட்டும் தெரியும் வயதில் தொடங்கியது. நாரி நோகுது என்றால் "முதுகு வலிக்கிறதாம்", கால் உளையுது என்றால் "கால் வலிக்கிறதாம்". ஒரு தரம் அவர் கணினியைப் பார்த்தபடியே, "உங்கள் நாட்டுப் பெண்களுக்கு எப்போதும் எல்லா இடமும்தான் வலிக்கும், இல்லையா?" என்று சிரித்தார். அதையும் அந்த வயதில் நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தார். வைத்தியர் வலிக்குளிசை எழுதித் தந்தார், நிறையக் குனிகிற வேலை, உடம்பைக் குறையுங்கள், கொஞ்சம் நடவுங்கள் என்றார். வெயில் காண்கிறீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் உள்ளங்கை நீளமுள்ள ஒரு பிராணிக்காக முதல் பத்து நிமிடத்தில் கேட்கப்பட்ட கேள்வி அது!

அடுத்த கிழமை அவரிடம் போனோம். அம்மா உட்காரும் முன்னமே நான் பேசத் தொடங்கிவிட்டேன்.

"என் அம்மாவின் இரத்தத்தில் டி வைட்டமின் பார்க்க வேண்டும்."

"அது வழக்கமான பரிசோதனையில் இல்லை. காப்புறுதி ஏற்காது."

"சந்தேகம் இருந்தால் ஏற்கும். சந்தேகம் இருக்கிறது."

"யாருக்கு?"

"எங்கள் பச்சோந்தியின் வைத்தியருக்கு."

அவர் முதல் தரமாகக் கணினியிலிருந்து முகத்தை எடுத்தார். நான் நிறுத்தவில்லை. எழும்பும்போது மேசையை ஊன்றுகிறார், படி இறங்குவது பக்கவாட்டாக, விலா எலும்பைத் தொட்டாலும் காலெலும்பைத் தொட்டாலும் நோகிறது, விடிய முன்னமும் இருட்டிய பிறகும் வேலை, தோல் எங்கள் தோல், இந்த வானத்தின் கீழ் அதற்குக் கூடுதலாக வெயில் வேண்டும். இதில் ஒன்றையாவது நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? ஒன்றையாவது?

"ஆறுதலாப் பேசு," என்றார் அம்மா தமிழில். "டொக்டர் கோவிக்கப் போறார்."

"கோவிக்கட்டும்!"

"நாங்கள் இன்னும் இவரிட்டத்தானே வரவேணும்."

அந்தச் சொல்தான் என்னை இன்னும் எரித்தது. இத்தனை வருட வலியையும் அந்தப் பயம்தான் மூடி வைத்திருந்தது. வைத்தியர் ஏதோ முணுமுணுத்தபடி தாளில் அடையாளம் போட்டார், இரத்தம் எடுக்கும் அறையைக் காட்டினார். அம்மா கதிரையின் கையை ஊன்றி எழும்பி, அவருக்கு நன்றி சொன்னார். நான் சொல்லவில்லை.

முடிவைச் சொன்னவர் வரவேற்பில் இருந்த பெண், தொலைபேசியில். மிக மிகக் குறைவு, எலும்பு மெதுத்திருக்கிறது, மருந்துச் சீட்டை வந்து எடுக்கலாம். பிறகு வைத்தியரைக் கண்டபோது, "நல்ல வேளை, கண்டுபிடித்துவிட்டோம்," என்றார். கண்டுபிடித்துவிட்டோமாம். அந்த 'நாங்கள்' எனக்கு இன்றைக்கும் செமிக்கவில்லை.

மருந்தோடு வெயிலும் வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன். சித்திரையில் வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கியதும், காற்றில்லாத மதிய நேரங்களில் பூச்சாடியில் நின்ற செடியில் பச்சோந்தியை ஏற்றிப் பல்கனியில் வைத்தோம். பக்கத்தில் ஒரு கதிரை, அதில் அம்மா. முதல் நாட்களில் தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு, கையையும் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு இருந்தார். நான் சால்வையை உருவினேன். அவர் திருப்பிப் போர்த்தார். அப்படி ஒரு இழுபறி. "நீ என்னைப் பிடிச்சு வெயிலில காயப் போடுறாய், வடகம் மாதிரி," என்றார். சில நாட்களுக்குப் பிறகு சால்வை உள்ளேயே கிடந்தது.

வைகாசியில் ஒருநாள் மேல்வீட்டு அன்ரி தன் பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர், என் நாடியைப் பிடித்துத் திருப்புகிறவர்களில் ஒருவர்.

"என்னக்கா, உச்சி வெயிலில இருக்கிறியள்? கறுத்துக் கரியாப் போகப் போறியள்!"

நான் வாயைத் திறந்தேன். எனக்குள் இருந்த எல்லாம் வரிசையில் நின்றது. அம்மா என் கையைத் தட்டினார், பொறு என்பதுபோல.

"ஓமடியப்பா, கறுக்கத்தான் இருக்கிறன்," என்றார் மேலே பார்த்து. "உமக்கும் நாரி நோகுதெண்டு சொன்னனீரெல்லே? இறங்கி வாரும். இன்னொரு கதிரை இருக்கு."

"ஐயோ எனக்கு வேண்டாமக்கா. அடுத்த மாசம் கலியாண வீடு இருக்கு."

மேலே கதவு சாத்திய சத்தம் கேட்டது. எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதவைத் தட்டி, உங்களுக்கும் இரத்தம் பாருங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் பாருங்கள் என்று கத்த வேண்டும்போல. பிறகு தட்டினேன்தான், அது வேறு சண்டை.

செடியில் பச்சோந்தி வெயில் படும் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கியிருந்தது. மறுபக்கம் இளம்பச்சை. நடு முதுகில் கோடு கிழித்ததுபோல. முன்னங்கால் இப்போதும் வளைவுதான், அது இனி நிமிராது; ஆனால் வளைந்த காலால் கிளையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழும்பினார். எதையும் ஊன்றவில்லை. அதை நான்தான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை.

"இந்தப் பக்கம் காணும் இவருக்கு," என்றார். குனிந்து பூச்சாடியைப் பிடித்து அரைவாசி சுற்றித் திருப்பிவிட்டார். "மற்றப் பக்கமும் கறுக்கட்டும்."